குமிழ்க் கட்டையில் விண்கலம்: மாதிரியுரு எதற்கு உண்மையாக இருக்க வேண்டும்?

ஒரு பெரும் பொருளைச் சிறிதாக்கிச் செய்கிறவன் அதன் உருவத்துக்கு உண்மையாக இருக்க வேண்டுமா, அது இயங்கும் முறைக்கு உண்மையாக இருக்க வேண்டுமா, அன்றித் தன் கையிலுள்ள மூலப்பொருளின் இயல்புக்கு உண்மையாக இருந்தால் போதுமா என்பது தேர்த்தச்சர் காலந்தொட்டுக் கேட்கப்பட்டுவரும் வினா. குமிழும் குழியும் பொருந்தி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளை, பொதுவாக லெகோ என்று வழங்கப்படுபவற்றை, அடுக்கி ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் நிலவில் இறங்கும் கலங்களையும் செய்து, வீட்டு அலமாரியிலோ கண்ணாடிப் பெட்டியிலோ பள்ளிக் கண்காட்சி மேசையிலோ வைக்கும் பழக்கம் சிறுவரிடமும் வயதுவந்தோரிடமும் பரவிய பிறகு, அப்பழைய வினா புதிய உருவில் மீண்டும் எழுந்திருக்கிறது. விளையாட்டென்றும், கல்வியென்றும், சிற்பமென்றும், வழிபாடென்றும் அதற்குப் பலர் பல விடை கூறியிருக்கின்றனர். அவ்விடைகளின் தோற்றுவாயையும் அவற்றின் குறைகளையும் வகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இந்த விசாரணைக்குப் பாகாலாவைச் சூழ்ந்த நிலப்பகுதியைக் களமாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் இருப்புப்பாதையில் தர்மாவரம் கிளை பிரியும் சந்திப்பாகிய அவ்வூர், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் சீரமைக்கப்பட்டபோது சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அதே சீரமைப்பில் நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூலூர்பேட்டைப் பகுதியும், அதனோடு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் அம்மாவட்டத்துக்கே வந்தன. ஏவப்படவிருக்கும் கலத்தின் சிற்றுருவைச் சுமந்துகொண்டு விஞ்ஞானிகள் மலையேறும் திருமலையும், செம்மரத்தில் மரப்பாச்சி செதுக்கும் தச்சுமரபைப் பேணிய திருப்பதியும், பாகாலா மண்டலத்துக்குள்ளேயே அடங்கிய காதங்கியின் வளிமண்டல ராடாரும் இன்று ஒரே மாவட்டத்தில் அமைந்திருக்கின்றன. மாதிரியுருவைப் பற்றிய ஏறக்குறைய எல்லாக் கொள்கைகளுக்கும் இங்கே ஒரு பிரத்தியட்ச உதாரணம் கிடைக்கிறது.

சிறுதேரும் கொலுப்படியும்

மிகப் பழைய விடை விளையாட்டைச் சார்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத, மூன்று சக்கரமுடைய சிறுதேரை உருட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. மெய்யான தேர் மூன்று காலால் ஓடுவதன்று. நடைபயிலும் குழந்தை பிடித்துத் தள்ளுவதற்கு மூன்று கால் போதும் என்று கண்ட தச்சன், மூலப்பொருளின் கணக்கைக் கைவிட்டுக் குழந்தையின் கணக்கை ஏற்றான். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றிலையும் சிறுபறையையும் சிறுதேரையும் ஆண்பாற் பிள்ளையின் பருவங்களாகவே வைத்துப் பாடின; அவற்றுக்கு முன்னே அம்புலியை விளையாட அழைக்கும் பருவமும் இருக்கிறது. இம்மரபில் சிற்றுருவின் தகுதி அதன் பயன்பாட்டால் நிர்ணயிக்கப்படுகிறது. உருண்டால் தேர், இடிக்கப்பட்டால் சிற்றில். இதை விளையாட்டுக் கொள்கை எனலாம். இது குழந்தைக்கு நியாயம் செய்கிறது. ஆனால் செய்து முடித்தபின் எவரும் தொடாமல் வைத்துப் பார்க்கப்படும் உருவைப் பற்றி இதற்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

காட்சிக்கு வைப்பதைப் பற்றி நம் மரபு தனியே ஒரு விடை வைத்திருக்கிறது, அது கொலு. தமிழ் வீடுகளில் நவராத்திரியிலும், தெலுங்கு வீடுகள் பலவற்றில் சங்கராந்தியிலும் படிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கட்டப்பட்டுப் பொம்மைகள் வைக்கப்படுகின்றன. ஒரே படியில் ஒரு முழ உயரத்து மரப்பாச்சியும், அதன் முழங்காலளவே உள்ள களிமண் செட்டியாரும், செட்டியாரைவிடப் பெரிய பூசணிக்காயும் நிற்கும்போது எவருக்கும் உறுத்துவதில்லை. ஏனெனில் அங்கே பொருளைத் தருவது அளவன்று, இடம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் இறங்குகலமாகிய விக்ரம் நிலவில் இறங்கிய சில வாரங்களில் வந்த நவராத்திரியில் பல வீடுகளின் கொலுவில் ராக்கெட்டும் நிலவுத்தரையும் இடம்பெற்றன. வெள்ளித்தாள் சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்று நான்கு குச்சிக் கால்களோடு நின்றால் பார்த்தவர் அனைவரும் அதை விக்ரம் என்றே அறிந்துகொண்டனர்.

கொலுவின் நெறி மாதிரியுருவைப் பற்றிய மிக விசாலமான நெறி என்று கருதுகிறேன். எந்தப் பொருளையும் அது ஏற்றுக்கொள்ளும். ஏழையின் அட்டையையும் செல்வரின் பிளாஸ்டிக்கையும் சமமாக வைக்கும். அதன் குறையும் அந்த விசாலத்திலேயே இருக்கிறது. அடையாளம் போதும் என்ற இடத்தில் ஆராய்ச்சி தொடங்குவதில்லை. அக்கலத்தின் கால்கள் ஏன் அவ்வளவு விரிந்திருக்கின்றன, அதன் பக்கங்களில் ஏன் பொன்னிறத் தாள் போர்த்தப்பட்டிருக்கிறது என்ற வினாக்களைக் கொலுப்படி எழுப்ப வேண்டிய அவசியமில்லை, எழுப்புவதும் அரிது.

கட்டையே ஆசானென்ற கொள்கை

இந்த வெற்றிடத்தை நிரப்புவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது மேல்நாட்டுக் கல்விச் சிந்தனை. 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் குழந்தைப் பள்ளி தொடங்கிய பிரோபெல், ஒரு பெரிய கனசதுரத்தை எட்டுச் சிறு கனசதுரங்களாக அறுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தார். அவற்றால் நாற்காலி, பாலம் போன்ற வாழ்க்கை வடிவங்களையும், கோலம் போன்ற அழகு வடிவங்களையும், பாதி, கால் என்ற கணக்கை விளக்கும் அறிவு வடிவங்களையும் அமைக்கலாம் என்றார். ஆட்டம் முடிந்ததும் கட்டைகள் மீண்டும் முழுக் கனசதுரமாகிப் பெட்டிக்குள் செல்ல வேண்டும் என்பதும் அவர் முறை. கட்டியதைக் கலைப்பது அவருக்குப் பாடத்தின் ஓர் அங்கம். 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து போர்க்காலம் முழுவதும் இந்நாட்டில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் கைவேலையையே அறிவின் வாயிலாகக் கொண்டவர். ஆனால் கற்பனைக் கதைகளுக்கும் பாவனை விளையாட்டுக்கும் அவர் அதிக மதிப்பு அளிக்கவில்லை. பின்னர் கணினிக் கல்வியாளர் சீமோர் பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட நூலின் மூலமும், லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து செய்த முயற்சிகளின் மூலமும், பிறர் காணத்தக்க ஒரு பொருளைத் தானே கட்டும்போதுதான் மாணவனுக்குக் கருத்தும் உள்ளே கட்டப்படுகிறது என்ற வாதத்தை வளர்த்தார். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் பொம்மைவழிக் கல்வி என்ற பெயரில் இதே எண்ணம் ஆசிரியர்களிடம் வந்துசேர்ந்திருக்கிறது.

இக்கொள்கைக்கு எதிராக இரண்டு ஆக்ஷேபங்கள் உண்டு, இரண்டும் கனமானவை. முதலாவது 1957இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் எழுதியது. பெரியவர்களின் உலகத்தையே சுருக்கித் தரும் ஆயத்தப் பொம்மைகள் குழந்தையைப் படைப்பவனாக்காமல் உடைமையாளனாக்குகின்றன என்றும், பிளாஸ்டிக்கில் மரத்தின் இனிய தொடுவுணர்ச்சி இல்லை என்றும் அவர் வருந்தினார். எளிய கட்டைகளை மட்டும் அவர் விலக்காக வைத்தார். லெகோ ராக்கெட் பெட்டி இவ்விரண்டு வகையிலும் சேரக்கூடியது என்பதே இங்குள்ள சிக்கல். பொருள் கட்டைதான்; ஆயினும் அட்டையில் முழு உருவமும், உள்ளே எண்ணிட்ட பைகளும், பக்கத்துக்குப் பக்கம் படம் வரைந்த வழிகாட்டியும் வருகின்றன. 2016இல் மோரோ, எங்செட் என்னும் இரு ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், வழிகாட்டியைப் பின்பற்றி லெகோ கட்டியவர்கள், தம் விருப்பப்படி கட்டியவர்களைவிட, அடுத்து வந்த கற்பனைப் பணியில் பின்தங்கினர் என்று காணப்பட்டது.

இரண்டாவது ஆக்ஷேபம் பிரமாணத்தைப் பற்றியது. பாலபருவத்துக் கட்டை விளையாட்டின் திறமைக்கும் பிற்காலக் கணிதத் தேர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டென்று 2001இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. தொடக்க வகுப்புகளில் காணப்படாத அச்சம்பந்தம் மேல்வகுப்புகளில் வெளிப்பட்டதாக அது சொன்னது ருசிகரமானது. ஆனால் அது சில பத்துக் குழந்தைகளையே பின்தொடர்ந்தது. கட்டையால் கணிதம் வந்ததா, இரண்டுக்கும் பொதுவான வேறொரு காரணம் இருந்ததா என்பதை அவ்வகை ஆய்வு தனித்துக் காட்ட முடியாது. ராக்கெட் கட்டிய சிறுவன் ராக்கெட்டை அறிவான் என்ற அனுமானம் இவற்றிலிருந்து பெறப்படுவதன்று.

அளவொப்பாளர் வாதம்

வயதுவந்த ஆர்வலரிடையே செல்வாக்குப் பெற்ற விடை வேறு. மாதிரி என்றால் மூலத்தின் ஒவ்வொரு நீளமும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். குறையாவிட்டால் அது வெறும் பொம்மை என்பது அவர் பக்ஷம். 2017இல் வெளிவந்த சாட்டர்ன்-5 லெகோ பெட்டி இக்கொள்கையின் புகழ்பெற்ற உதாரணம். மனிதன் நிலவில் கால்வைத்த ஆண்டை நினைவூட்டும் வண்ணம் 1969 துண்டுகள் கொண்ட அது, 110இல் ஒரு பங்கு அளவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. அதைத் தொடர்ந்து அப்போலோ-11 இறங்குகலமும், சர்வதேச விண்வெளி நிலையமும், டிஸ்கவரி விண்வெளி ஓடமும் பெட்டிகளாக வந்தன. பேர்பெற்றவை பெரும்பாலும் அமெரிக்கக் கலங்களைப் பற்றியவையாதலால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் வாகனத்தைக் கட்ட விரும்புகிறவர் பெரும்பாலும் தாமே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இக்கொள்கையின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரியும்.

லெகோக் கட்டையில் ஒரு குமிழின் மையத்துக்கும் அடுத்த குமிழின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; அதில் மூன்றிலொரு பங்காகிய பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. அகலமும் உயரமும் 5க்கு 6 என்ற விகிதத்தில் இருப்பதால், பக்கவாட்டில் சாய்த்த கட்டை நிமிர்ந்த கட்டையோடு எளிதில் இசையாது. ஆயினும் ஐந்து பிளேட்டுகளை அடுக்கிய உயரம் இரண்டு குமிழ்களின் அகலத்துக்கு, அதாவது 16 மி.மீ.க்கு, மிகச் சரியாக ஒக்கும். குமிழ்கள் மேல்நோக்காமல் நாற்புறமும் வெளிநோக்குமாறு நடுத்தண்டைச் சுற்றி வளைவுத் துண்டுகளைப் பொருத்திச் சதுரக் கட்டையால் உருளையை உண்டாக்கும் வித்தை, ஆர்வலர் "ஸ்னாட்" என்று வழங்குவது, பெரும்பாலும் இந்த ஒரு சமன்பாட்டின் மேல் நிற்கிறது.

இனி அத்தளத்திலிருந்து எழும் ஏவுவாகனங்களில் ஒன்றாகிய பி.எஸ்.எல்.வி.யை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 44 மீட்டர்; முதல் அடுக்கின் விட்டம் 2.8 மீட்டர். சாட்டர்ன்-5 பெட்டியின் அருகே வைத்து ஒப்பிடத்தக்கவாறு அதே 110இல் ஒரு பங்கில் கட்டினால் உயரம் 40 சென்டிமீட்டர் ஆகிறது, விட்டமோ 25.5 மி.மீ., அதாவது மூன்று குமிழுக்குச் சற்று மேல். ஆயத்தமாகக் கிடைக்கும் வட்டக் கட்டை இரண்டு குமிழ் அகலத்தில் உண்டு, நான்கு குமிழ் அகலத்தில் உண்டு. மூன்றேகால் குமிழில் இல்லை. ஆகவே கட்டுபவர் விகிதத்தையே மாற்றி, நான்கு குமிழ் வட்டத்தை, 32 மி.மீ.யை, 2.8 மீட்டராகக் கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது விகிதம் 87.5இல் ஒன்றாகிறது, உயரம் 50 சென்டிமீட்டர், அதாவது ஐம்பத்திரண்டு கட்டைகளுக்குச் சற்று மேல். ரயில் மாதிரிகளுக்கு உலகெங்கும் வழங்கும் 87இல் ஒன்று என்ற விகிதத்தோடு இது ஏறக்குறைய ஒத்துப்போவதால், பாகாலாச் சந்திப்பின் சிற்றுருவையும் அந்த ராக்கெட்டையும் ஒரே மேசையில் நியாயமாக வைக்கலாம்.

அடுத்த சங்கடம் உடனே வருகிறது. பி.எஸ்.எல்.வி.யின் தலைப்பகுதியாகிய வெப்பக்கவசத்தின் விட்டம் 3.2 மீட்டர், உடலைவிட 40 சென்டிமீட்டர்தான் அதிகம். அந்தச் சிறு புடைப்பினால்தான் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கும் அது பி.எஸ்.எல்.வி. என்று அடையாளம் தெரிகிறது. நம் விகிதத்தில் அப்புடைப்பு 4.6 மி.மீ., ஒரு குமிழில் பாதிக்குச் சற்று மேல். நான்கு குமிழிலேயே நிறுத்தினால் புடைப்பு மறைந்து வேறொரு ராக்கெட்டாகிவிடுகிறது. ஆறு குமிழாக்கினால் தலை வீங்கிவிடுகிறது. ஐந்தாக்கினால் ஒற்றைப்படை அகலம் இரட்டைப்படை உடலின் மேல் மையம் கொள்ளாது. நடுவில் ஒரே குமிழுள்ள ஜம்பர் பிளேட்டை இடையே வைத்து அரைக்குமிழ் நகர்த்தினால்தான் ஐந்து அமரும். அமர்ந்தாலும் கவசம் மெய்யளவைவிட 30 சென்டிமீட்டர் பருத்ததாகவே கணக்காகும். உடலைச் சுற்றிநிற்கும் உந்துகலங்களின் விட்டம் ஒரு மீட்டர்; நம் அளவில் அது ஒன்றரைக் குமிழுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றாக வைப்பதா, இரண்டாக வைப்பதா என்பதற்கு அளவொப்புக் கொள்கையில் விடை இல்லை. போதாக்குறைக்கு அருகில் லெகோ மனிதன் ஒருவனை நிறுத்தினால், நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள அவன் இவ்விகிதத்தில் மூன்றரை மீட்டர் அரக்கனாகிவிடுகிறான்.

எந்த பி.எஸ்.எல்.வி. என்ற கேள்வியும் இருக்கிறது. உந்துகலங்கள் இன்றியும், இரண்டோடும், நான்கோடும், ஆறோடும் அது பறந்திருக்கிறது; 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1ஐச் சுமந்தது ஆறுடைய வகை. பெயர் ஒன்றாயினும் உருவம் ஒன்றன்று. ஆகையால் பறத்தல் எண்ணைக் குறிக்காத மாதிரி எந்த ராக்கெட்டுக்கும் மாதிரியாகாது.

பொறியாளரின் மாதிரியை இதனோடு ஒப்பிடுவது பயன்தரும். பெங்களூரின் தேசிய ஆய்வகமொன்றில் 1967 முதல் இயங்கும் 1.2 மீட்டர்க் காற்றுச் சுரங்கத்தில் இந்திய ஏவுவாகனங்களின் சிற்றுருவங்கள் சோதிக்கப்பட்டுள்ளன. அங்கே வெளிப்பரப்பின் வளைவு முடியளவும் பிசகலாகாது. நிறமும் உட்கட்டமைப்பும் எப்படி இருந்தாலும் பாதகமில்லை. ஒலிவேகத்தை ஒட்டிய மாக் எண்ணைச் சுரங்கத்தில் ஒத்துவைக்கலாம். காற்றின் பிசுபிசுப்பைச் சார்ந்த ரெய்னால்ட்ஸ் எண்ணையும் உடன் ஒத்துவைப்பது சிற்றுருவில் மிக அரிது. பொறியாளர் இதை அறிந்தே, எதை விட்டுக்கொடுத்தோம் என்று எழுதிவைத்துக்கொண்டு முடிவுகளைத் திருத்துகிறார். முழு ஒப்பு என்பது எங்கும் இல்லை. கேட்கப்படும் கேள்விக்கு ஏற்ற ஒப்பு மட்டுமே உண்டு. அளவொப்பாளர் வாதத்தின் பெரும் குறை, கேள்வியைக் குறிப்பிடாமலே ஒப்பை வேண்டுவதுதான்.

ஆயினும் அவர்கள் வாதத்தால் விளைந்த நன்மை சிறிதன்று. மேலே கண்ட அரைக்குமிழ்த் தகராறில் இறங்கியவருக்கு வெப்பக்கவசம் உடலைவிட ஏன் அகன்றது, உள்ளே அடங்கும் செயற்கைக்கோளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற யோசனை வராமல் இராது. ஒப்பு கைகூடிய இடத்தில் கை வேகமாகச் சென்றுவிடுகிறது. கைகூடாத இடத்தில்தான் மனம் நின்று மூலத்தை விசாரிக்கிறது. மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் சிற்றுருவைப் பற்றிக் கூறுகையில், அதில் முழுமையின் அறிவு உறுப்புகளின் அறிவுக்கு முந்துகிறது என்றார். முடிந்த மாதிரியைக் காண்பவருக்கு அது பொருந்தும். வழிகாட்டியின்றிக் கட்டுபவருக்கு வரிசை தலைகீழாகிறது.

பிரியும் உடல்

ராக்கெட் மாதிரி எந்தக் கணத்தின் உரு என்பதை மாதிரியுருவைப் பற்றி எழுதியவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஏவுமேடையில் நிற்கும் நேரத்தையும் எழும்பிய பின் சொற்ப நேரத்தையும் தவிர, ராக்கெட் முழு உருவோடு இருப்பதே இல்லை. பி.எஸ்.எல்.வி.யின் ஆறு உந்துகலங்களில் நான்கு தரையிலும் இரண்டு வானிலும் தீமூட்டப்பட்டு இரண்டிரண்டாய்க் கழல்கின்றன. முதல் அடுக்கு கடலில் விழுகிறது. கவசம் இரண்டாய்ப் பிளந்து உதிர்கிறது. தன்னைக் களைந்துகொண்டே உயர்வது அதன் தர்மம். பசையிட்டு ஒட்டிய பிளாஸ்டிக் மாதிரியும், வார்த்த உலோகச் சிற்பமும் இந்தத் தர்மத்தைக் காட்ட வல்லவையல்ல. குமிழ்க் கட்டையோ கழற்றுவதற்கென்றே பிறந்தது. சாட்டர்ன்-5 பெட்டியில் அடுக்குகள் பிரியும்படி அமைந்திருப்பது அதன் வெளித்தோற்றத்தைவிட ஆழமான ஒப்பு என்பது என் அபிப்பிராயம். வளைவிலும் விட்டத்திலும் ராக்கெட்டுக்குத் தூரத்து உறவாக உள்ள இந்தக் கட்டை, சேர்வதிலும் பிரிவதிலும் அதற்கு நெருங்கிய உறவாகிவிடுகிறது. 2011இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட லெகோத் துண்டுகளால் அந்நிலையத்தின் மாதிரியை அங்கேயே கட்டிய ஜப்பானிய விண்வீரர் சதோஷி புருகாவாவின் முயற்சியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தீப்பற்றும் பொருள் என்பதனால் மூடிய கையுறைப் பெட்டிக்குள் வைத்துக் கட்ட வேண்டியிருந்த அம்மாதிரி, பூமியில் தன் எடையைத் தானே தாங்காது என்று கூறப்பட்டது. அந்நிலையமும் புவியில் முழுதாக நிற்பதற்குச் செய்யப்பட்டதன்று. துண்டு துண்டாக மேலே சென்று அங்கே பொருத்தப்பட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் இந்த ஒப்பு முழுவதும் மறைந்துபோகும். வெயில் பட்டால் வெள்ளைத் துண்டு மஞ்சளிப்பதும், ராயலசீமைக் கோடையின் புழுதி குமிழ்களின் இடுக்கில் படிவதும் உண்மையாதலால் பெட்டியை வேண்டாமென்று சொல்லவும் முடியவில்லை.

சந்நிதியில் வைக்கும் உரு

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முன்தினம், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோவின் குழுவினர் அக்கலத்தின் சிற்றுருவோடு திருமலைக்குச் சென்று வழிபட்டனர். அதன் அப்போதைய தலைவர் சோமநாத் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலில் வழிபட்டார். இது புதிதாகத் தோன்றிய வழக்கமன்று. விஞ்ஞானிகளிலும் பகுத்தறிவாளரிலும் இதை ஏற்காதவர் பலர். அரசுத் துறையின் பணியும் தனிமனிதர் பக்தியும் கலக்கலாகாது என்பது அவர்கள் நியாயம். மலையேறுவோர் தரப்பில், பல ஆண்டு உழைப்பைக் கைமீறிய சில நிமிடங்களிடம் ஒப்படைக்கும் முன் மனம் தேடும் ஆறுதல் இது என்று சொல்லப்படுகிறது. அவ்வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நம் வினாவுக்கு முக்கியமானது ஒன்றே: அங்கே வைக்கப்படும் உரு பிரதிநிதியாக நிற்கிறது, குணமடைய வேண்டிய உறுப்பின் வெள்ளி உருவைக் காணிக்கையிடும் பக்தருக்கு அவ்வுருவின் அளவு எப்படிப் பொருட்டல்லவோ, அப்படியே இங்கும். கொலுவின் நெறிக்கு இது மிக அருகில் வருகிறது. கொலு கண்டு மகிழ்வதற்கு, இது வேண்டிக்கொள்வதற்கு என்ற ஒரு பேதம் மட்டுமே.

விலையும் மாற்றும்

இந்தியாவில் இவ்விவாதம் முழுவதும் விலையின் நிழலிலேயே நடக்கிறது. பொம்மைகளின் இறக்குமதித் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் இந்தியத் தர முத்திரை கட்டாயமாயிற்று. உள்நாட்டுத் தொழிலுக்கு இது ஊக்கம் தந்திருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான துண்டுகள் கொண்ட பெட்டி மண்டலத் தலைநகரின் அரசுப் பள்ளிக்கு எட்டாப் பொருளாகவே இருக்கிறது. 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வி முயற்சியிலிருந்து வளர்ந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு கன உருவங்களைக் கட்டும் முறையைப் பரப்பினார். 26 முகங்கள் கொண்ட ஆரியபட்டா செயற்கைக்கோளைச் சதுரக் கட்டையில் கட்டுவதைவிடத் தீக்குச்சிச் சட்டத்தில் கட்டுவது எளிது, உருவத்துக்கும் நெருக்கமானது. கட்டைக்குக் கட்டையே நிகர் என்ற எண்ணத்துக்கு இது தக்க மறுப்பு.

காதங்கி தரும் சோதனை

இதுகாறும் கண்ட கொள்கைகளைச் சோதிக்க ராக்கெட்டைவிட ஏற்ற ஒரு பொருள் பாகாலா மண்டலத்திலேயே இருக்கிறது. காதங்கியில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் எம்.எஸ்.டி. ராடார், இன்று தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் மையக் கருவி. 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள களத்தில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் யாகி ஆண்டெனா ஜோடிகள் வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில், ஆக 1024, நிற்கின்றன. அவை 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 2.5 மெகாவாட் உச்ச ஆற்றலோடு துடிப்புகளை வானோக்கி அனுப்பி, காற்றின் கொந்தளிப்பிலிருந்து திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்டு, அதன் அதிர்வெண் மாறுதலிலிருந்து உயர்வானக் காற்றின் வேகத்தைக் கணிக்கின்றன.

லெகோக் கட்டுமானத்தில் தரையாக விரிக்கும் பேஸ் பிளேட் பெரும்பாலும் வரிசைக்கு 32 குமிழ் வீதம் 32 வரிசைகள் கொண்டது. ஆக 1024 குமிழ்கள். ஒரு குமிழ் ஓர் ஆண்டெனா. அண்டை ஆண்டெனாக்களுக்கு இடையே சுமார் நான்கு மீட்டர், அண்டைக் குமிழ்களுக்கு இடையே எட்டு மில்லிமீட்டர் என்று கொண்டால் விகிதம் ஏறக்குறைய 500இல் ஒன்று. அரைக்குமிழ்த் தகராறு இல்லை, வட்டமாக்கும் சிரமம் இல்லை. ராக்கெட்டில் எவ்வளவு முயன்றும் கைகூடாத எண்ணொப்பும் இட ஒப்பும் இங்கே ஒரு கட்டையும் அடுக்காமலே கைகூடிவிடுகின்றன.

ஆனால் அந்த வெறும் பலகையைக் காண்பவருக்கு என்ன தெரியும்? ராடாரின் சாரம் அதன் ஆண்டெனாக் காட்டில் இல்லை. அக்காட்டில் எதுவும் அசைவதில்லை; ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் செல்லும் அலையின் கட்டத்தைச் சிறிது சிறிதாக முன்பின் மாற்றுவதனால் கற்றை முழுவதும் வானில் சாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வே கருவியின் உயிர். பலகையின் குமிழ்கள் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆக, அளவொப்பு முழுமையாக அமைந்த இடத்தில் அறிவு சூனியமாகவும், அளவொப்பு தவறித்தவறி அமைந்த பி.எஸ்.எல்.வி.யில் அறிவு செறிவாகவும் இருக்கக் காண்கிறோம். ஒப்பும் விளக்கமும் வெவ்வேறு பொருள்கள் என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் கிடைப்பது அரிது. மண்டலத்துக்குள்ளேயே இருக்கும் இக்கருவிக்கு அலமாரிகளில் உரு இல்லாமல், கடலோரத்திலிருந்து எழும் ராக்கெட்டுக்கு மட்டும் ஏராளமாக இருப்பதன் காரணமும் இதிலேயே ஓரளவு விளங்குகிறது: உருவமே செய்தியாக இருக்கும் பொருளையே நம் கைகள் விரும்பிச் செய்கின்றன.

தீராத விஷயங்கள்

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்க்குமிடத்து, மாதிரியோடு அதன் விகிதத்தையும், பறத்தல் எண்ணையும், எங்கெங்கே மூலத்திலிருந்து விலகியது என்பதையும் ஒரு சிறு அட்டையில் எழுதிவைப்பது எல்லாக் கொள்கையினரும் ஏற்கத்தக்க குறைந்தபட்ச நெறியாகத் தோன்றுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் 2019இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மாடத்துக்கும் திருப்பதியின் மண்டல அறிவியல் மையத்துக்கும் வந்து போகும் மாணவர் தொகையை நினைத்தால், பள்ளிக் கண்காட்சிகளில் இந்நெறி வேரூன்றுவதற்கு இப்பகுதியே தகுந்த இடம்.

மற்றவை அவ்வளவு எளிதில் முடிவதாக இல்லை. வழிகாட்டிப்படி கட்டுவது கற்பனையைத் தற்காலிகமாகத்தான் மந்தப்படுத்துகிறதா, நெடுநாள் பழக்கத்தில் அது கைத்தேர்ச்சியாக மாறி மீண்டும் கற்பனைக்கே உதவுகிறதா என்பதற்கு ஒருமுறைச் சோதனைகள் பதிலளிக்க மாட்டா. அதே குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். கட்டியதைக் கலைத்துப் பெட்டியில் சேர்ப்பதே முறை என்ற பிரோபெலின் நெறியும், கட்டியதை வைத்துக் காட்டும் கொலுவின் நெறியும் ஒரே மாதிரியில் எவ்வாறு இணங்கும் என்பதும் தெளிவாகவில்லை. ஒன்பது நாள் வைத்துப் பின் எடுத்துவிடும் வழக்கம் ஒரு சமரசத்தைச் சுட்டினாலும், ஆயிரம் துண்டுகளை ஆண்டுதோறும் புதிதாக அடுக்க எத்தனை வீடுகள் இசையும் என்று சொல்வதற்கில்லை. காதங்கிப் பலகையைப் பொறுத்தமட்டில், குமிழ்களின் மேல் ஒரு கோணத்தில் சாய்த்து நிறுத்திய கண்ணாடித் துண்டுகளால் கற்றையின் சாய்வைக் காட்டிவிடலாமா, அன்றி அலையின் கட்டம் என்பது கட்டைக்கு அப்பாற்பட்ட கருத்தாகையால் அங்கே எழுத்தும் கணக்கும்தான் தொடர வேண்டுமா என்பது, யாரேனும் கட்டிப் பார்த்தாலன்றித் தீராத வினா.